எஞ்சின் மாற்றிய அம்பாசிடரும் ஓர் ஆயில் பிரஷர் சோதனைக் கருவியும்

சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் பலவற்றில், நிறுவனப் பெயர் எதுவும் அச்சிடப்படாத பிளாஸ்டிக் பெட்டியில் ஆயில் பிரஷர் சோதனைக் கருவி ஒன்று விற்கப்படுகிறது. பத்து கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்த அளவு) வரை காட்டும் வட்ட கேஜ், ஒரு ரப்பர் ஹோஸ், வெவ்வேறு மரை கொண்ட பித்தளை இணைப்பிகள் ஆகியவை அதில் உள்ளன. எஞ்சின் மாற்றிய பழைய கார் வைத்திருப்பவர்கள், எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இதை வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் இதைச் சோதித்த கார் மார்க் 4 அம்பாசிடர். அதிலிருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, 1992 முதல் அம்பாசிடரில் வந்த 1817 சிசி இசுசு எஞ்சினை ஐந்து கியர் பெட்டியுடன் பொருத்தியிருந்தோம். பழைய எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். இசுசுவில் அது மேலே, ஹெட்டில் இருப்பதால், ஆயில் அவ்வளவு உயரம் ஏறியாக வேண்டும். டாஷ்போர்டில் புதிதாக வைத்த மின்சார கேஜ், எஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், கிட்டத்தட்ட பூஜ்யத்தைக் காட்டியது. எஞ்சினை மாற்றித் தந்த ஒர்க்‌ஷாப்பில், பேரிங் தேய்ந்துவிட்டது, கீழ்ப்பாதியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தது எனக்குச் சற்றே ஆறுதலாக இருந்தாலும், அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. பெரும்பாலான சுவிட்சுகள் அரை கிலோவுக்கும் குறைவான அழுத்தத்திலேயே விளக்கை அணைத்துவிடும்.

அழுத்த சென்சாரைக் கழற்றி, அதே துளையில் இந்தக் கருவியை இணைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் பார்த்தேன். ஐடிலிங்கில் 1.2 கிலோவும், 3000 ஆர்.பி.எம்.மில் நான்கு கிலோவை ஒட்டியும் முள் அசையாமல் நின்றது. ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு), அதாவது ஏறக்குறைய 0.7 கிலோ, இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அந்தக் கணக்குப்படி எஞ்சினில் குறையே இல்லை. குறை, அழுத்தத்தைக் காட்டிய மின்சுற்றில்தான் இருந்தது.

சென்சாரின் மரையில் ஆயில் கசியக் கூடாதென்று டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தார்கள். ஒற்றை வயர் கொண்ட சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். போதாக்குறைக்கு, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை புது பெயின்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றதற்கும் அதுவே காரணம். இந்த அமெரிக்க வகை சென்சாரில் அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம் என மின்தடை இறங்கும். எர்த் சரியில்லாமல் கூடுதல் மின்தடை சேர்ந்தால், கேஜ் அதை அழுத்தம் குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஐரோப்பிய வகையில் இது நேர்மாறு. 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை ஏறும். ஒரு வகை கேஜையும் மற்றொரு வகை சென்சாரையும் இணைத்தால் முள் தலைகீழாகவே நகரும். புதுப்பேட்டையில் கேஜ் ஒரு கடையிலும் சென்சார் இன்னொரு கடையிலும் வாங்குபவர்கள், இதை மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்தக் கருவி உண்மையான கோளாறையும் பிடித்துக் கொடுத்தது. நண்பர் ஒருவர் தம் அம்பாசிடரில் வேறொரு வாகனத்தின் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார். குறுக்குச் சட்டத்தில் இடிக்காமலிருக்க அதன் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வெட்டி, ஆழத்தைக் குறைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். ஐடிலிங்கில் அழுத்தம் நன்றாகவே இருந்தது; வேகம் கூடக்கூட ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. தேய்ந்த பேரிங் இப்படி நடந்துகொள்ளாது. அதில் சூடான ஐடிலிங்கில்தான் அழுத்தம் முதலில் விழும். அதிகப்படி அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருந்தால், வேகம் எவ்வளவு கூடினாலும் முள் தாழ்ந்த ஓர் இடத்திலேயே நின்றுவிடும். வேகத்தில் அழுத்தம் இறங்குகிறது என்றால், பம்புக்கு வேண்டிய ஆயில் போய்ச் சேரவில்லை என்று பொருள். சம்ப்பை இறக்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையான ஸ்ட்ரெய்னரின் அடியில் களிமண் உருண்டையை ஒட்டி, மீண்டும் பொருத்திக் கழற்றிப் பார்த்தபோது, அந்தக் களிமண் ஏறக்குறைய தாள் கனத்துக்கு நசுங்கியிருந்தது. அங்கே 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். ஸ்ட்ரெய்னர் குழாயைத் திருத்திய பின் அழுத்தம் சீரானது. அந்த எஞ்சினுக்கும் பேரிங் மாற்றவே முதலில் யோசனை சொல்லப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கருவியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இணைப்பிகளில் எது எந்த மரை என்ற குறிப்பே இல்லை. இசுசு போன்ற ஜப்பானிய எஞ்சின்களில் வழக்கமாக வரும் அரைக்கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் தர) குழாய் மரையில் அங்குலத்துக்கு 28 இழைகள். அதே அளவிலான அமெரிக்க மரையில் 27. இரண்டும் முதல் ஓரிரு சுற்று ஒன்றுபோலவே ஏறும். அதன் பிறகு ஸ்பேனரால் முடுக்கினால் பிளாக்கின் மரை பாழாகிவிடும். மரை அளவுகோல் கொண்டு பார்த்து, ஒவ்வோர் இணைப்பியிலும் பெயரைப் பொறித்து வைத்துக்கொள்வது நல்லது. உடன் வரும் வாஷர்கள் மிக மெல்லியவை. செம்பு வாஷர் தனியாக வாங்க வேண்டும். ஹோஸ் பானெட்டுக்கு வெளியே வரும் அளவுக்கு நீளமாக இருப்பது வசதி என்றாலும், ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு அதை நம்ப மாட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உரசி ஹோஸ் வெடித்தால், கொதிக்கும் ஆயில் நேராக அதன் மேல் பீய்ச்சும்.

கேஜின் துல்லியம் திருப்தியளித்தது. பஞ்சர் கடை கம்ப்ரெசரின் காற்றில் நல்ல கேஜ் ஒன்றுடன் ஒப்பிட்டபோது, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தங்களில் வேறுபாடே தெரியவில்லை. ஒரு கிலோவுக்குக் கீழே மட்டும் முள் சற்றுக் குறைத்தே காட்டியது. ஐடிலிங் அழுத்தத்தை மதிப்பிடும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். விலை, ஒரு முறை எஞ்சின் ஆயில் மாற்றும் செலவைக்கூட எட்டவில்லை.