ஜெர்மனியில் இலவசச் சாப்பாடு: மாணவனாக நான் பயன்படுத்திப் பார்த்தவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்குப் படிக்க வந்த யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் இலவசம் என்று கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் ரொட்டிதான். வயிறு நிறைகிற உதவி ஏதாவது ஓர் அலுவலகக் கதவுக்குப் பின்னால் இருக்கும், போய்க் கேட்டால்தான் கிடைக்கும். மாஸ்டர்ஸ் முடிகிற வரை இரண்டையும் பயன்படுத்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும். 2024 செப்டம்பரிலிருந்து விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க விடுகிற வங்கிக் கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். ஊரில் இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு நாம் ராஜபோகமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இங்கே வாடகை போய், 140 யூரோவைத் தாண்டுகிற மருத்துவக் காப்பீடு போய், செமஸ்டர் கட்டணத்துக்கு எடுத்து வைத்தது போக மிச்சம் இருப்பதில் எதைக் குறைப்பீர்கள்? வாடகை குறையாது, காப்பீடு குறையாது, நம் இஷ்டத்துக்குச் சுருங்குவது சாப்பாடு ஒன்றுதான். முதல் செமஸ்டர் முடிவதற்குள் பலர் மெலிந்து போவதற்குக் குளிர் காரணமில்லை.

நான் அதிகம் பயன்படுத்தியது ஃபுட்ஷேரிங். 2012-இல் ஜெர்மனியில் தொடங்கிய தன்னார்வ அமைப்பு இது. கடைகளில் விற்காமல் போய்க் குப்பைக்குப் போக வேண்டியதை எடுத்து வந்து பகிர்வதுதான் வேலை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நீங்கள் ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. ஏழைக்கு உதவுவது அவர்கள் நோக்கமே இல்லை, உணவு வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அதனால் கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது. ஃபேர்டைலர் என்று ஊரில் அங்கங்கே அலமாரியோ ஃப்ரிட்ஜோ வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும், பேக்கரிகளில் மிஞ்சியது எல்லாம் அன்றைக்கு அலமாரிக்கு வந்து சேரும். ரொட்டி, ப்ரெட்சல், மேலே சர்க்கரை உறைந்துபோன பன் என்று மூட்டை மூட்டையாக இருக்கும். காய்கறி கிடைத்தால் அதிர்ஷ்டம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று குடைமிளகாய் சேர்ந்த பாக்கெட்டில் ஒன்று அழுகியிருந்தாலும் கடைக்காரர் முழுப் பாக்கெட்டையும் ஒதுக்கிவிடுவார். அழுகியதைத் தூக்கிப் போட்டால் மற்ற இரண்டும் பளபளவென்று இருக்கும். குடைமிளகாய் சாம்பார், குடைமிளகாய்ப் பொரியல், குடைமிளகாய்த் துவையல் என்று ஒரு குளிர்காலமே ஓடியது. தயிர், பால் மேல் இருக்கிற தேதி பெரும்பாலும் தரத்துக்கான தேதிதான், தாண்டினாலும் திறந்து மோந்து பார்த்துச் சாப்பிடலாம். அரைத்த இறைச்சி மாதிரியானவற்றுக்குப் போடுகிற தேதி வேறு, அது தாண்டினால் தொடவே கூடாது. ஃபேர்டைலரில் அதை வைக்கவும் அனுமதி இல்லை.

குறை என்றால், நம்பி உலை வைக்க முடியாது. நீங்கள் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் யாரோ பெரிய பையோடு வந்து வழித்துக்கொண்டு போயிருப்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் வந்து நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். அதெல்லாம் கெட்டுப்போகாது, கடை ஏன் ஒதுக்கப் போகிறது? ஆகவே காய்ச் செலவு குறையும், மளிகைச் செலவு அப்படியே நிற்கும்.

அதனால் நானே ஃபுட்சேவர் ஆனேன். கடைக்கே போய் எடுத்து வருகிற ஆள். இணையத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும், பிறகு அனுபவமுள்ளவர்களோடு சில முறை போய் வர வேண்டும், அப்புறம்தான் அடையாள அட்டை. பலன் நிச்சயம் கூடும், ஆனால் பொறுப்பும் கூடும். எனக்கு இது போதும் என்று சொல்ல முடியாது, கடை கொடுப்பது அத்தனையையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அழுகியதைக்கூட நாம்தான் பிரிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு முப்பது கிலோ ரொட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றால் இது இலவசமா கூலிவேலையா என்று சந்தேகம் வரும். பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் புகார் போகும், தேர்வு நேரத்தில் யோசித்துக் கொடுங்கள். ஜெர்மன் பேசப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

டாஃபெல் என்கிற உணவு வங்கியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1993-இல் பெர்லினில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க 950-க்கும் மேல் இருக்கிறது. சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு பை நிறையக் கொடுப்பார்கள். ஆனால் வருமானம் குறைவு என்று காகிதத்தில் காட்ட வேண்டும், யாரைச் சேர்ப்பது என்பதை அந்தந்த ஊர் டாஃபெலே முடிவு செய்கிறது, 2022-க்குப் பிறகு கூட்டம் கூடியதால் பல இடங்களில் புதிதாக ஆள் சேர்ப்பதை அவ்வப்போது நிறுத்தினார்கள். நம் நிலைமை வேறு சிக்கல். என்னிடம் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் இல்லை என்று இங்கே நிற்க வேண்டும். முடியாது என்றில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி அந்தக் கதவு. ஒவ்வொரு பல்கலைக்கழக ஊரிலும் மென்சா என்கிற மாணவர் உணவகத்தை நடத்துகிற ஸ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு இருக்கிறது. அதில் சமூக ஆலோசனை என்று ஒரு பிரிவு உண்டு. பல ஊர்களில் இவர்கள் ஃப்ரைடிஷ் கொடுக்கிறார்கள், அதாவது மென்சாவில் காசில்லாமல் சாப்பிட, கையில் கூப்பனாகவோ அட்டையில் ஏற்றியோ. எல்லா ஊரிலும் இல்லை, இருக்கிற இடத்திலும் நிதி தீர்ந்தால் தீர்ந்ததுதான், ஆகவே செமஸ்டர் தொடக்கத்திலேயே கேளுங்கள். எனக்கு வாய்த்த ஆலோசகர் அம்மா என் வங்கிக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படித்தார். டிவி, ரேடியோவுக்கான ஒலிபரப்புக் கட்டணத்தை அறைக்காரர்கள் எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்றுகூடக் கேட்டார். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மதியம் சூடாகத் தட்டில் சாதமும் குழம்புமாக ஏதோ ஒன்று, வாரம் முழுக்க. நான் பயன்படுத்தியதில் மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதலிடம், ஃபுட்ஷேரிங் இரண்டாவது. அங்கே சொல்வது வெளியே போகாது, விசா அலுவலகத்துக்குத் தகவல் போகுமோ என்ற பயம் வேண்டாம்.

பணமே தீர்ந்துபோகிற நிலைமை என்றால் சாப்பாட்டோடு நிற்காதீர்கள். பல ஊர்களில் மாணவர்களுக்கான சர்ச் அமைப்புகளிடம் அவசர நிதி இருக்கிறது, இந்து, முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. டாட் (DAAD) என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு கொடுக்கிற ஸ்டிபெட் நிதியிலிருந்து, படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிற வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிற பல்கலைக்கழகங்களும் உண்டு, இன்டர்நேஷனல் ஆபீஸில் விசாரியுங்கள். கணக்கு சுத்தமாகக் காலியாகும் வரை காத்திருக்க வேண்டாம், விசா நீட்டிக்கும்போது மறுபடியும் பணம் காட்டச் சொல்வார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் மாதிரிப் பெரிய ஊரில் இருந்தால் குருத்வாரா இருக்கும். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தால் பருப்பும் ரொட்டியும் கேட்கக் கேட்க வரும். சாப்பிட்டு முடித்தபின் பாத்திரம் கழுவ ஆள் தேவையா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாகத் தேவைப்படும்.