குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வரும்? 'எர்த் அபைட்ஸ்' நாவல் விமர்சனம்

கொள்ளைநோயில் உலகம் அழியும் நாவல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடும். முதல் பாதியில் வைரஸ் பரவும், ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழியும், அரசு கவிழும். மறுபாதியில் பிழைத்தவர்கள் துப்பாக்கியோடு ஒருவரையொருவர் வேட்டையாடுவார்கள். ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட் 1949இல் எழுதிய 'எர்த் அபைட்ஸ்' அந்தத் தடத்துக்கே வருவதில்லை. நோய் பரவும் காட்சிகள் இதில் கிடையாது. மலைப்பகுதிக்கு ஆய்வுக்காகப் போன இஷ் என்ற மாணவனைப் பாம்பு கடிக்கிறது. தனியாகக் கிடந்து பிழைத்து அவன் இறங்கி வருவதற்குள் தட்டம்மை போன்ற ஒரு நோய் வந்து தன் வேலையை முடித்துவிட்டது. ஊரில் ஆளில்லை, விளக்குகள் மட்டும் எரிகின்றன. கதை அங்கே தொடங்கி, இஷ் கிழவனாகிச் சாகும்வரை நீள்கிறது. இந்த வகையில் ஒரே ஒரு நாவல்தான் படிப்பேன் என்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். ஏன் என்று சொல்ல பிற்பகுதிச் சம்பவங்களையும் தொட்டாக வேண்டும். கதை தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்டூவர்ட் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1941இல் வந்த அவருடைய முந்தைய நாவல் ஒன்றுக்கு ஒரு புயல்தான் நாயகன். இங்கும் அவர் கண் மனிதர்களைத் தாண்டி நிலத்தின்மீதே இருக்கிறது. ஆட்கள் மறைந்ததும் முதலில் எறும்புகள் பெருகுகின்றன, பிறகு எலிகள். கடைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை மூட்டையாகத் தானியம் கிடக்க, எலிகள் தெருவை மூடும் அளவுக்குப் பெருகுகின்றன. இருப்பு தீர்ந்ததும் ஒன்றையொன்று தின்று, பசியில் மடிந்து, சடசடவென்று குறைந்துவிடுகின்றன. பூனையோ பருந்தோ அவற்றை ஒழிப்பதில்லை. எலி பெருகும் வேகத்துக்கு வேட்டை விலங்குகளால் ஈடுகொடுக்க முடியாது. உணவு முடிந்தால் கூட்டம் சரியும். சூழலியல் பாடப்புத்தகம் வரைபடம் போட்டுச் சொல்வதை ஸ்டூவர்ட் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்க வைத்துவிடுகிறார். இடையிடையே சாய்வெழுத்தில் சின்னச் சின்னப் பகுதிகள் வரும். நாய்க்கும் ஆட்டுக்கும் பயிருக்கும் சாலைக்கும் என்ன ஆகும் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. கதை நகரவில்லையே என்று அவற்றைத் தாண்டிப் போனால் நாவலின் முதுகெலும்பையே தவறவிட்டுவிடுவீர்கள்.

நாவலின் உச்சம் என்று நான் கருதுவது தண்ணீர் நின்றுபோகும் இடம். மின்சாரம் முதலிலேயே போய்விடுகிறது. நீர்மின் நிலையங்கள் ஆளில்லாமல் சில காலம் சுழல்கின்றன, விளக்குகள் மெல்ல மங்கி அணைகின்றன. (இன்றைய மின்தொகுப்பு இவ்வளவு நாள் தாங்காது. உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். பெரிய நிலையங்கள் சில விழுந்தாலே மற்றவை அடுத்தடுத்துத் துண்டித்துக்கொள்ளும்.) குழாய்நீர் அப்படியில்லை. மேட்டிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து தானாக இறங்கி வருவதால் பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அதனால் ஆண்டுக்கணக்கில் வருகிறது. இருபத்திரண்டாம் ஆண்டில் ஒருநாள் நின்றுவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று இஷ்ஷைச் சுற்றிச் சேர்ந்த பிழைத்தவர்களின் சிறு கூட்டத்தில் ஒருவர்கூட அதுவரை போய்ப் பார்த்ததில்லை. படித்தவன் இஷ்கூடப் பார்க்கவில்லை. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், தாங்கிகள் சரியும், ஓர் இணைப்பு விட்டாலே போதும், தேக்கம் காலியாகிவிடும் என்பதெல்லாம் அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. வெடிச்சத்தம் எதுவும் இல்லாமலே நாகரிகம் விழும் காட்சி இது. நான் படித்த அழிவுக் கதைகளில் இதைவிடத் துல்லியமான ஒன்று நினைவில் இல்லை.

நோய் விஷயத்திலும் ஸ்டூவர்ட் கவனமாக இருக்கிறார். வெளியிலிருந்து சார்லி என்றொருவன் வந்து சேர்கிறான். அவனைக் கொல்வதா, விரட்டுவதா என்று பெரியவர்கள் வாக்கெடுத்து முடிவுசெய்கிறார்கள். பிறகு கூட்டத்தில் டைஃபாய்டு பரவுகிறது. இந்தத் தொடர்பு மருத்துவரீதியாகவும் சரியானது. டைஃபாய்டு கிருமி மனித உடலை மட்டுமே சார்ந்து வாழ்வது. பல வருடம் தனித்திருந்த சிறு கூட்டத்துக்குள் அது தானாக முளைக்க வழியில்லை. ஆனால் குணமான சிலரின் பித்தப்பையில் வருடக்கணக்கில் தங்கி, நோய் அறிகுறி எதுவுமின்றி வெளியேறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஆள் வந்தால் போதும். தட்டம்மை இதற்கு நேர்மாறு. அது நிரந்தரமாக உலவப் புதிது புதிதாகக் குழந்தைகள் வேண்டும், லட்சக்கணக்கில் மக்கள் வேண்டும். சிறு கூட்டத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தானே அணைந்துபோகும். கதையின் தொடக்கத்தில் வரும் நோய் பிறகு ஏன் தலைகாட்டவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. மிகப் பெரியது பெட்ரோல். இருபது வருடம் கழித்தும் ஒரு ஜீப்பைக் கிளப்பி இளைஞர்களை நாட்டின் குறுக்கே அனுப்புகிறார் ஸ்டூவர்ட். வண்டி டாங்கில் கிடக்கும் பெட்ரோல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கெட ஆரம்பித்துவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். இறுக மூடிய கலத்தில் வைத்தாலும் ஓரிரு வருடத்தைக் கூட்டலாம், இருபதைக் கூட்ட முடியாது. டயர் ரப்பரும் அதற்குள் வெடித்துப்போயிருக்கும். டப்பா உணவைப் பற்றிய நம்பிக்கையும் கொஞ்சம் அதிகம்தான். இறைச்சி, பருப்பு வகைகள் டப்பா கெடாதவரை நீண்ட நாள் தாங்கும். தக்காளி, பழம் போன்ற புளிப்பானவை ஒன்றரை வருடத்திலேயே உள்ளிருந்து தகரத்தை அரிக்கத் தொடங்கும். இருந்தாலும் இந்தத் தாராளம் கதைக்குத் தேவைப்படுகிறது. எல்லாம் கிடைக்கிறது என்பதாலேயே யாரும் உழவைக் கற்கவில்லை என்பதுதான் ஸ்டூவர்ட்டின் குற்றச்சாட்டு.

உலகம் சரியும் கதையை மனம் ஏன் இப்படி விரும்பிப் படிக்கிறது? கடன், வேலை, வரிசை, படிவம் எல்லாம் ஒரே இரவில் மறையும் நிம்மதி ஒரு காரணம். பிரிட்டிஷ் எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் 1973இல் இதைச் 'சொகுசான பேரழிவு' என்று கண்டித்தார்: மற்றவர்கள் எல்லாம் செத்துப்போக, நாயகன் மட்டும் காலி ஹோட்டலில் வசதியாகத் தங்கியிருப்பான். இஷ்ஷுக்கும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் போகின்றன. ஆனால் ஸ்டூவர்ட் அந்தச் சொகுசுக்கான விலையை அடுத்த தலைமுறையிடம் வசூலிக்கிறார், அதனால் இந்த நாவலுக்கு அந்தக் குற்றச்சாட்டு முழுதாகப் பொருந்தாது. இன்னொரு காரணம் ஒத்திகை. கோவிட் பரவிய 2020இல் 310 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, பேரழிவுக் கதைகளை விரும்புபவர்கள் அந்த நாட்களுக்குக் கூடுதல் மனத்தயாரிப்போடு இருந்ததாகச் சொன்னது. கதைதான் தயார்படுத்தியதா, தயாரான மனம்தான் அந்தக் கதைகளைத் தேடியதா என்பதை அப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று ஒத்திகை பார்க்க இந்த நாவலைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பல்கலைக்கழக நூலகம் பத்திரமாக இருக்கிறது. லட்சக்கணக்கான புத்தகங்கள், கூரை ஒழுகவில்லை. படிக்கத்தான் ஆளில்லை. ஆர்வமாகக் கற்ற ஒரே பிள்ளை ஜோயி டைஃபாய்டில் போய்விடுகிறான். அதற்குப் பிறகு இஷ் பாடம் எடுப்பதை விட்டுவிட்டு, விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு வில்லைச் செய்து பிள்ளைகளிடம் கொடுக்கிறான். தோட்டா ஒருநாள் தீரும், வில் தீராது. பேரன்மார் காலத்தில் பழைய நாணயங்களைத் தட்டி அம்புமுனை செய்கிறார்கள். எந்த நிற உலோகம் எந்த விலங்குக்கு என்று ஒரு நம்பிக்கையும் சேர்ந்து முளைத்துவிடுகிறது. அறிவு போய்ச் சடங்கு வரும் பாதையை இவ்வளவு சிக்கனமாகக் காட்டியதற்காகவே இந்த நூலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

காலம் ஏறிய இடங்கள் உறுத்தும். இஷ்ஷின் மனைவி எம் கறுப்பின வம்சாவளி. கலிஃபோர்னியாவில் கலப்பின மணத்தடை நீதிமன்றத்தில் விழுந்ததே 1948இல்தான் என்பதை நினைத்தால் இது துணிச்சல். ஆனாலும் எம்மைப் பெரும்பாலும் பூமித்தாயாக மட்டுமே பார்க்கிறான் இஷ். மற்றவர்களை மந்தமானவர்கள் என்று ஓயாமல் எடைபோடுகிறான். மனவளர்ச்சி குன்றிய ஈவியைப் பற்றிய பகுதிகள் இன்று படிக்கவே கஷ்டமாக இருக்கின்றன.

மூன்று பெரிய பகுதிகள் கொண்ட நூல் இது. முதல் பகுதியின் நீண்ட கார்ப்பயணத்தில் சிலர் சலித்து நிறுத்திவிடுவார்கள். எம் வரும்வரை பொறுத்துக்கொண்டால் பிறகு கீழே வைக்க முடியாது. சண்டையும் வில்லனும் வேண்டுபவர்களுக்கு ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டாண்ட்' பொருத்தம். அதை 1990இல் வந்த விரிவான பதிப்பில் படிக்கவும். 2024இல் வந்த ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடரை நாவலுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு முழு ஆயுளின் மெதுவான காலம் ஆறு மணி நேரத்தில் அடங்காது. பெட்ரோல் பிழை உங்களைத் தொந்தரவு செய்தால் அடுத்து எமிலி செயின்ட் ஜான் மாண்டல் 2014இல் எழுதிய 'ஸ்டேஷன் லெவன்' படியுங்கள். அதில் பிக்கப் வண்டிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி இழுக்கிறார்கள்.