ரேஷன் வீட்டுக்கு வருது, வீட்டு வரிக்கு மட்டும் வயசு தெரியல

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன், ஈரோடு மாவட்டத்துல ஒரு நகராட்சி, பேரு வேண்டாம், சின்ன ஊரு, யாரைச் சொல்றேன்னு அங்கிருக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். பெரியம்மா வீட்டுலதான் தங்கல். பெரியப்பா போயி சேந்து ரொம்ப வருஷமாச்சு, பெரியம்மாளுக்கு எழுபத்தெட்டு, கூட இருக்கறது அவங்க மகன், எனக்கு அண்ணன், அவரு மட்டும், சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் முடியாது, சைடு வீல் வச்ச ஸ்கூட்டர்ல போய்ட்டு வருவாப்ல. பெரியம்மா பொண்ணு, அக்கா, சிங்கப்பூர்ல.

மொதல்ல நல்லத சொல்லிர்றேன். ரேஷன் அரிசியும் சக்கரையும் இப்ப வாசலுக்கே வண்டியில வருது, தாயுமானவர் திட்டம்னு 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, எழுபது தாண்டுனவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். தராசு, கைரேகை மிஷின் எல்லாம் வண்டியிலயே இருக்குது. பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அம்மிணி வந்து குடுத்துட்டு, அப்படியே பி.பி. பாத்துட்டுப் போகுது. நான் இருக்கறது அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்து டாலஸ்ல, அங்க எங்க தெருவுல இருக்கற எம்பது வயசு தாத்தா மாத்திரைக்கு இன்னமும் அவரே கார் ஓட்டீட்டுப் போறாரு, அதையும் நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் வந்துச்சு வீட்டு வரி. பெரியப்பா தறி ஓட்டுன காலத்துல கட்டுன வீடு, 1900 சதுர அடி சொச்சம். 2022-ல ஊர் ஊருக்கு வரிய ஏத்துனாங்கல்ல, 600 சதுர அடிக்குள்ள இருந்தா 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல போனா 100, அதுல பெரியம்மா வீடு கடைசி ஸ்லாப்ல மாட்டி நேரா டபுள் ஆயிருச்சு. தறியெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு, முன்னால ஒரு ரூம்ப வாடகைக்கு விட்டிருக்காங்க, மகன் ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை, அவ்வளவுதான் வருமானம். ஆனா வரி போடறவங்க கணக்குல அது பெரிய வீடு. சதுர அடிய அளக்கறாங்க, உள்ள குடியிருக்கறது யாருன்னு கேக்கற கட்டமே அந்த ஃபார்ம்ல இல்ல.

ஆன்லைன்ல கட்டலாம், நானும் போன்ல கட்டிவிடறேன்னு சொன்னேன், பெரியம்மா ஒத்துக்கல, ரசீது கையில வாங்கோணுமாம். சரின்னு அண்ணனும் நானும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். ரேம்ப் இருக்குதுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுல ஏறோணும்னா நல்லா கால் இருக்கோணும், அவ்வளவு செங்குத்து, முடிவுல யாரோ டூவீலரையும் நிறுத்தி வச்சிருந்தாங்க. அண்ணன் வெளியவே நின்னுக்கிட்டாப்ல. உள்ள கூட்டம் இல்ல, கார்டு, ஜிபே எல்லாம் வாங்கறாங்க, அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிருச்சு.

"ஏனுங்க, வயசானவங்களுக்கு, கால் முடியாதவங்களுக்கு ஏதாச்சும் தள்ளுபடி இருக்குதுங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங் சார். அக்டோபருக்குள்ள கட்டறீங்கல்ல, அஞ்சு பெர்சண்ட் கொறையும். அது எல்லாத்துக்கும் உண்டுங்."

கவுண்டர்ல இருந்தவரு சொன்னது சரிதான். அரையாண்டு தொடங்கின மொத மாசத்துக்குள்ள கட்டுனா 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபா வரைக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் கையில மொத்தமா காசு வச்சிருக்கறவனுக்குத்தான் அந்தச் சலுகை, பென்ஷன் வந்தா பாக்கலாம்னு இருக்கறவங்களுக்கு இல்ல.

டெல்லி மாநகராட்சியில மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், பொம்பளைங்க பேர்ல இருக்கற வீட்டுக்கு, அவங்களே குடியிருந்தா 30 சதவீதம் கழிக்கறாங்க, அதுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு, ஆனா கேக்கற கட்டம் இருக்குது பாருங்க. நான் இருக்கற டெக்சாஸ் கதை வேற. அங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸே கெடையாது, அதனால பெரும் பங்க வீட்டு மேல ஏத்தி, வீட்டு மதிப்புல வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் பக்கம் வாங்கிருவாங்க. அந்த அடி தாங்க முடியாதுன்னுதான் 65 வயசு ஆயிட்டாலோ டிசேபிள்டு ஆனாலோ ஸ்கூல் டாக்ஸ, அதாவது வீட்டு வரியில பள்ளிக்கூடத்துக்குப் போற பங்க, அந்தத் தொகையிலயே நிறுத்தி வச்சிருவாங்க, வீட்டு மதிப்பு ஏறுனாலும் அது ஏறாது. 2025 நவம்பர்ல ஓட்டெடுப்பு வச்சு, சொந்த வீட்டுல குடியிருக்கற எல்லாருக்கும் ஸ்கூல் டாக்ஸ் கணக்குல வீட்டு மதிப்புல 140,000 டாலர் கழிக்கறதுக்கு மேல இவங்களுக்கு இன்னொரு 60,000 கழிக்கறதுன்னு ஆயிருச்சு. அதுவும் பத்தலைன்னா வரியவே தள்ளிப் போடலாம், வருஷத்துக்கு 5 சதவீதம் வட்டி, உயிரோட அந்த வீட்டுல இருக்கற வரைக்கும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க, பொறகு வாரிசுங்க கட்டிக்கோணும்.

இதைப் பெரியம்மாகிட்ட சொன்னேன். தள்ளுபடி வரைக்கும் தலையாட்டிக் கேட்டுட்டு இருந்தவங்க, தள்ளிப் போடறதுன்னதும் "அதென்ன கண்ணு, நான் செத்ததுக்கப்பறம் என்ற பையன் தலையில கடனக் கட்டீட்டுப் போறதா? வேண்டவே வேண்டாஞ் சாமி"ன்னு எந்திரிச்சே போயிட்டாங்க. பாக்கி இல்லாத வீடுன்னு சொல்லிக்கறதுல எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு கெத்து இருக்குது, அதனால டெக்சாஸ்காரன் திட்டத்த அப்படியே தூக்கியாந்து வச்சா இங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க. குடியிருக்கற ஒரே வீடா இருந்து, 70-க்கு மேல வயசோ 40 சதவீத ஊனச் சான்றோ, ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தா ஒரு ஸ்லாப் கீழ இறக்கி வரி போட்டா போதும்னு எனக்குத் தோணுது. வயசு, ஊனம் பத்தின விவரம் ஏற்கனவே அரசாங்கத்துகிட்ட இருக்கு, அத வச்சுத்தான் ரேஷனே வீட்டுக்கு வருது.

ஆனா நாளைக்கே அப்படி ஒரு ஆர்டர் வந்தாலும் பெரியம்மாளுக்குக் கெடைக்காது, அது ரசீதப் பாத்தப்பறந்தான் ஒறச்சுது. வரி இன்னும் பெரியப்பா பேர்லயே ஓடுது! பெரியம்மா தெருவுலயே கேட்டுப் பாத்தேன், தனியா இருக்கற பொம்பளைங்க வீடு பாதிக்கு மேல இப்படித்தான், புருஷன் போயும் அவரு பேருக்கே ரசீது வருது, பணம் கட்டறவரைக்கும் யாரும் கேக்கறதில்ல. டெக்சாஸ்ல புருஷனுக்கு ஸ்கூல் டாக்ஸ ஏறாம நிறுத்தி வச்சிருந்த அந்தச் சலுகை, 55 வயசு ஆன பொண்டாட்டிக்கு அப்படியே தொடரும், ஆனா பொதுவா அங்கயும் ஃபார்ம் குடுக்கோணும்.

பேர் மாத்தறதுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடைசி ரசீது, மத்த வாரிசுங்க சம்மதம் கேட்டாங்க. வாரிசுச் சான்று இ-சேவையில போட்டு தாலுக்கா ஆபீஸ் மூலமா வாங்கியாச்சு. சிக்குனது சிங்கப்பூர் கையெழுத்துதான், அக்கா அங்க இந்திய ஹை கமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்போணும், லீவு கெடைக்கலைன்னு தள்ளிட்டே இருக்குது. வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க ஊருக்குப் போறப்ப தங்கக்காசு, சாக்லேட்டெல்லாம் அப்புறம், மொதல்ல அம்மா வீட்டு வரி ரசீத வாங்கி யாரு பேர்ல இருக்குதுன்னு பாருங்க, நீங்க வாரிசா இருந்தா அங்க இருக்கறப்பவே கையெழுத்தப் போட்டுட்டு வந்துருங்க.