துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு: படமா, களிமண்ணா, உப்பு ஜாடியா, நினைவுப் பெட்டியா?

அப்பாவையோ அம்மாவையோ பாட்டியையோ பறிகொடுத்த குழந்தைக்கு, 5 முதல் 11 வயதுக்குள் என்றால், கையால் செய்ய எதைக் கொடுக்கலாம்? வீட்டிலேயே செய்யக்கூடியவை என்று பார்த்தால் இந்த நான்கும்தான் முதலில் வரும். நான், இறந்தவரின் பொருட்களைப் போட்டு வைக்கும் நினைவுப் பெட்டியின் பக்கம். மற்ற மூன்றும் செய்த அன்றோடு முடிந்துவிடும், பெட்டி முடியாது.

படத்துக்கு கிரேயானும் தாளும் போதும். அதைக் கெடுப்பது பெரியவர்களின் அவசரம்தான். குழந்தை கறுப்பை எடுத்ததும் பதற வேண்டாம். அதற்குப் பிடித்த கலராகவும் இருக்கலாம். "இது யாரு, அப்பாவா?" என்று கேட்பதைவிட "இதப் பத்திச் சொல்றியா?" என்பது நல்லது. சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

களிமண் கோபத்துக்கு நல்ல வடிகால். அரைக் கிலோ எடுத்து, பலகையில் ஓங்கி அடிக்கவும் பிய்க்கவும் விடலாம். ஆனால் இறந்தவர் நினைவாகப் பொம்மை செய்து காயவைக்காதீர்கள். சுடாத மண் காயும்போதே விரிசல் விடும், கைதவறினால் உடையும். அது குழந்தைக்கு இன்னொரு இழப்பு. செய்ததை அன்றே மறுபடி உருட்டி, ஈரத்துணி சுற்றி வைத்துவிடலாம்.

உப்பு ஜாடியில் ஒவ்வொரு நிறமும் ஒரு நினைவு. சுமார் 150 மில்லி கண்ணாடிப் புட்டி, தூள் உப்பு, ஐந்து நிறச் சாக்பீஸ் வேண்டும். தாளில் நான்கு ஸ்பூன் உப்பைப் பரப்பி, சாக்பீஸைப் படுக்கவைத்து அழுத்தி உருட்டினால் நிறம் ஏறும். தாளை மடித்துப் புட்டியில் சரிக்க வேண்டும். கழுத்துவரை நிரப்பி, மேலே பஞ்சு திணித்து மூடுங்கள். இடைவெளி விட்டால் ஆட்டியதும் நிறங்கள் கலந்துவிடும், குழந்தை அழும். கல் உப்பு சரிவராது. கடலோர ஊர்களில் உப்பு ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவது நல்லது. ஒரு மாலைப்பொழுதுக்கு அழகான வேலை. அதற்கப்புறம் அது அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான்.

பெட்டி ஏன் மேல்? குழந்தையின் துக்கம் தவணை தவணையாக வருவது. பத்து நிமிடம் அழும், பிறகு விளையாட ஓடிவிடும். ஐந்து வயதில் "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்கும், செத்தவர் திரும்ப வரமாட்டார் என்பது அந்த வயதில் பல குழந்தைகளுக்குப் பிடிபடாது. ஒன்பது வயதில் "என்ன வியாதி?" என்று கேட்கும். பதினான்கில் "அவர் எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் இழப்பைப் புதிதாகப் புரிந்துகொள்கிறது. அப்போது திறக்க, புதிதாக ஒன்றைப் போட, பழையதை எடுத்துக் கேள்வி கேட்க ஒரு இடம் வேண்டும். 1990களில் உகாண்டாவில் எச்.ஐ.வி. பாதித்த தாய்மார்கள் பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகங்கள் எழுதி வைத்ததும் பிற்பாடு வரப்போகும் கேள்விகளை எண்ணித்தான்.

அட்டைப்பெட்டி வேண்டாம், செல்லரிக்கும். ஓரடி நீளத்தில் தகரப்பெட்டி, பூட்டு இல்லாமல், குழந்தைக்கு எட்டும் உயரத்தில். பொருள் எட்டு, பத்து போதும், குழந்தையே பொறுக்கட்டும். மூக்குக்கண்ணாடி, பேனா, சாவிக்கொத்து, சட்டை. பல வீடுகளில் காரியத்தோடு துணிமணிகளைக் கொடுத்துவிடுவார்கள், ஆகவே பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒன்றை எடுத்து வையுங்கள். துவைக்காமல் ஜிப் கவரில் போடுங்கள். வாசனை மெல்ல மெல்லப் போய்விடும் என்பதைக் குழந்தையிடமும் சொல்லிவிடுங்கள். பூச்சி உருண்டை கூடாது. அந்த நெடி சட்டையின் வாசனையை விழுங்கிவிடும், குழந்தைகளுக்கும் ஆகாது. போட்டோவில் பிரதியை மட்டும் வையுங்கள். சொந்தக்காரர்களிடம் ஆளுக்கொரு சம்பவம் எழுதி வாங்குங்கள்: "உங்கப்பா சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டப்போ..." என்ற மாதிரி.

இறந்தவரின் குரலைச் சேமிப்பது அவசரமான காரியம். அவருடைய வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் நீக்கப்படும். அதற்குள் வாய்ஸ் மெசேஜ்களை எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவிட வேண்டும்.

வழக்கமான தவறுகள் மூன்று. ஆஸ்பத்திரிச் சீட்டை உள்ளே வைப்பது, விருந்தாளி வந்தால் "காட்டுப்பா" என்பது, அண்ணன் தங்கைக்குச் சேர்த்து ஒரே பெட்டி கொடுப்பது. ஆளுக்கு ஒன்று வேண்டும்.

பதின்ம வயதினருக்கு இதே தீர்ப்பைச் சொல்லத் தயங்குகிறேன். பலருக்குப் போனில் இருக்கும் பாட்டும் போட்டோவுமே பெட்டி. தற்கொலை, விபத்து, கொலை என்று மரணத்தைக் கண்ணால் பார்த்த குழந்தைக்கு எந்தக் கைவேலையையும் முதலில் வைக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டுக்கும் கட்டணமில்லை.