ரீகர்வா, கொம்பவுண்டா: முதல் வில் எது?

கொழும்பில் பிள்ளையை வில்வித்தைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ரீகர்வ் என்பது முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்; கொம்பவுண்ட் என்பது முனைகளில் உருளைகள் பொருத்திய வில்.

விலை: ரீகர்வ் மலிவு. பிள்ளை வளர வளர, கைப்பிடியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் வளையும் இரு கிளைகளை மட்டும் மாற்றலாம். கொம்பவுண்டுக்குத் தொடக்கச் செலவே அதிகம்.

இழுவை: உண்மையான வேறுபாடு இதுதான். ரீகர்வில் நாண் தாடையைத் தொடும் கணத்தில் முழுப் பாரமும் மூன்று விரல்களில் நிற்கும். முதுகுத் தசை உறுதியாக இல்லாவிட்டால் கை நடுங்கும், அம்பு விலகும். கொம்பவுண்டின் முனை உருளைகள் முழு இழுவையில் அந்தப் பாரத்தை 65 முதல் 80 சதவீதம்வரை குறைத்துவிடும். வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் வேட்டைக்காரர்கள் பலர் இதை நாடுவதும் இதனால்தான்.

பராமரிப்பு: ரீகர்வைக் கழற்றிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகலாம். கொம்பவுண்டின் நாணை மாற்றத் தனி அழுத்தக் கருவி வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அதன் திருகுகளை அடிக்கடி துடைக்கவும் வேண்டும்.

போட்டி: வெளிக்களத்தில் இலக்கின் தூரம் ரீகர்வுக்கு 70 மீற்றர், கொம்பவுண்டுக்கு 50. 1972இல் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பியது முதல் ரீகர்வின் ஆட்சிதான்; 2028இல் கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது.

பள்ளிப் பிள்ளைக்கு ரீகர்வையே வாங்குங்கள். உடல் ஒழுங்கை அதுபோல் எதுவும் கற்றுத்தராது. வேலைக்குப் போய்க்கொண்டு, கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் துல்லியத்தைத் தேடுபவருக்குக் கொம்பவுண்ட் பொருந்தும்.