மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வருவதை இலையைப் பார்த்து வாங்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஒரு வேன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு மூலிகைச் செடி விற்றபடி சுற்றுகிறது. பத்துச் செடி, பை, மண் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். "கவர்ன்மென்ட் மானியம் போகத்தான் அக்கா இந்த விலை" என்று சொல்லி எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இறக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு செட் இறங்கியது.

துளசியும் நிலவேம்பும் அசல்தான், அதை மறைக்கக் கூடாது. மழை பெய்தால் விளையோரத்தில் (தோட்டத்து ஓரத்தில்) தானாக முளைக்கிற கீழாநெல்லியையும் பையில் வைத்துக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அதையும் விட்டுவிடலாம். ஆடாதோடை என்று தந்தது வேரே இல்லாத குச்சி. இலையோடு ஒடித்துக் காலையில் மண்ணில் குத்தியிருப்பார்கள் போல. இரண்டு வெயிலுக்கு இலை தொங்கியது, இழுத்தால் கையோடு வந்துவிட்டது. ஆடாதோடை குச்சியிலிருந்து வேர் பிடிக்கும் செடிதான். ஆனால் குச்சிக்குக் குச்சி விலை, செடிக்குச் செடி விலை அல்லவா?

இதையெல்லாம் விடப் பெரியது மஞ்சள் கரிசலாங்கண்ணி. வள்ளலார் சொன்ன மூலிகை, கண்ணுக்கு நல்லது, கீரையாகக் கடைந்து சாப்பிடலாம் என்று அந்த ஆள் அளந்த அளப்பில், அதற்காகவே செட் வாங்கியவர்கள் உண்டு. நட்டதும் மளமளவென்று படர்ந்தது. மஞ்சள் பூ வேறு. கீரைக்குப் பறிக்கலாம் என்று இருந்தபோதுதான் பக்கத்து வர்ம ஆசான் எட்டிப் பார்த்தார். "மக்களே, இது சானல் கரையில கிடக்குத சாதனம்லா, இதையா காசு குடுத்து வாங்குன?" என்றார்.

அவர் சொன்னது சரி. அது அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து அழகுக்காக வந்து, இப்போது சாலையோரமும் வாய்க்கால் கரையுமாகப் பரவிக் கிடக்கும் படர்செடி. சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. கரிசலாங்கண்ணியோடு ஒரே குடும்பம் என்பதால் பூவைப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இலையைத்தான் பார்க்க வேண்டும். அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். இதன் இலை தடித்துப் பளபளவென்று இருக்கும். நுனிக்குக் கீழே இருபக்கமும் காது மாதிரி பிரிந்து மூன்று மடலாகத் தெரியும்.

வல்லாரையிலும் இதே விளையாட்டு. எங்களுக்கு வந்தது நல்ல வல்லாரை. இரண்டு வீடு தள்ளி உள்ள அக்காவுக்கு வந்ததோ மீன் தொட்டிக்கு வளர்க்கிற குடை இலைச் செடி. வல்லாரை இலையில் ஒரு பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும். அந்தக் குடைச் செடிக்கு இலையின் நட்டநடுவில் காம்பு.

செட்டோடு இன்சுலின் செடியும் உண்டு. தினமும் ஒரு இலை மென்றால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அதற்கு ஒரு உபதேசம். வயதானவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் நின்று கூசாமல் இதைச் சொல்கிறான். செடி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

கேட்கலாம் என்று அட்டையில் இருந்த நம்பருக்குப் போட்டால், "பூ மஞ்சளாத்தானே பூக்குது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் பில் தராத வேன்காரன்மேல் எதைக் காட்டிப் புகார் சொல்வது? அதனால் வாங்கும்போதே பில் கேளுங்கள். மானியம் என்று சொன்னால், எந்த வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவு என்றும் கேளுங்கள். பையைத் தூக்கிக் கீழே உள்ள துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள், தண்டை லேசாக அசைத்தும் பாருங்கள்.

நம்பி விசாரிக்க நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது: திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், கன்னியாகுமரி அரசு தோட்டக்கலைப் பண்ணை. நீங்கள் கேட்கும் கன்று கையிருப்பில் இருக்கிறதா என்று போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே அந்தப் படர்செடியை நட்டவர்கள் சீக்கிரம் பிடுங்கிவிடுங்கள். நமக்கு இரண்டு மழையும் உண்டு, ஒரு பருவம் விட்டால் விளை முழுக்கப் பாய்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுங்கள். கணுவுக்குக் கணு வேர்விடும், அதனால் துண்டு விழாமல் பொறுக்கி எடுத்து, சிமென்ட் தளத்தில் போட்டுக் கருகக் காயவையுங்கள். சானலில் வீசினால் தண்ணீர் போகிற வழியெல்லாம் முளைக்கும். வேன் இப்போது கருங்கல் பக்கம் போயிருப்பதாகக் கேள்வி, அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லிவையுங்கள்.