உப்பு குறைவு, ருசி குறையவில்லை: செம்பூர் கிட்னி டிப்பன்

டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குத் தட்டைப் பார்த்தாலே எரிச்சல். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான் என்றால் யாருக்குத்தான் வராது? அதனால் மும்பை செம்பூரில் ஒரு தமிழ் அக்கா சிறுநீரக நோயாளிகளுக்காக வீட்டிலிருந்தே நடத்தும் இந்த டிப்பன் சர்வீஸில் சேர்ந்தோம்.

காயைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறார். பழுதான கிட்னியால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ஓரளவு இறங்கிவிடும். குறைத்த உப்புக்குப் பதிலாக மிளகு, சீரகம், பெருங்காயம், கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. லோ சோடியம் உப்பு போடுவீர்களா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "அதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கு தம்பி, தொடவே மாட்டேன்" என்றார். அப்பவே நம்பிக்கை வந்துவிட்டது.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும் என்பதால் முட்டை வெள்ளைக்கரு பொரியலும் வரும். டயாலிசிஸ் இல்லாதவர்களுக்குக் கணக்கே வேறு, அதையும் கேட்டுத்தான் சேர்க்கிறார்.

சிறுநீரக நோயாளிகளிடம் மனச்சோர்வு சகஜம். பசி எடுக்காததற்கு அது காரணமா, ரத்தத்தில் தேங்கும் கழிவு காரணமா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். டிப்பன் வந்தால் மனசு சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது பத்து மணிக்கே "இன்னைக்கு என்ன கூட்டு?" என்று கேட்கிறார் மனுஷர்.

குறை என்றால், மழைக்காலத்தில் தாமதம், அப்புறம் சப்பாத்தி ரப்பர் மாதிரி. ஞாயிறு லீவு. சேர்வதற்கு முன் மெனுவை உங்கள் டயட்டீஷியனிடம் காட்டிவிடுங்கள்.